ஆட்நாவ்

நாக்பூரில் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்த முதல் நாளே என் பெயர் மாறிப்போனது. படிவத்தில் 'ஆட்நாவ்' என்று ஒரு கட்டம். மராத்தியில் குடும்பப் பெயர். நமக்கு ஏது அது? இனிஷியலோடு சரி. அப்பா பெயரை விரித்து எழுதினேன். அன்றிலிருந்து எல்லாருக்கும் நான் 'முருகேசன் மேடம்'. ஊரில் அப்பாவைக்கூட யாரும் அவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டதில்லை.

விரிவுரையாளர் வேலைக்கு வரும் விண்ணப்பங்களைப் பட்டியலாகத் தட்டச்சு செய்து கொடுப்பேன். முதல் பத்தியே ஆட்நாவ்தான். தேர்வுக் குழுவில் ஒரு பெரியவர். மதிப்பெண் பக்கம் போகவே மாட்டார். அவர் விரல் அந்த முதல் பத்தியிலேயே நின்று நின்று இறங்கும். சில பெயர்களில் சற்று அதிகமாக நிற்கும். ஏன் என்று புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது.

புரியவைத்தது மராத்தி தலித் எழுத்தாளர் குமுத் பாவ்டே 1981-இல் எழுதிய தன்வரலாற்று நூல் 'அந்தஸ்ஃபோட்'. உள்ளுக்குள் வெடிப்பது என்று சொல்லலாம். என் மராத்தி அப்போது காய்கறி வாங்கும் அளவுதான். கூட வேலை பார்த்த அக்கா ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் வரிவரியாக விளக்கினார்.

குமுத் இதே நாக்பூரில் 1938-இல், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மஹார் சாதிக் குடும்பத்தில் பிறந்தவர். பிறந்த வீட்டுப் பெயர் சோம்குவர். கேட்டதுமே சாதி தெரிந்துவிடும். பள்ளியில் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்த கோகலே குருஜி பிராமணர். ஒதுக்கிவிடுவாரோ என்று பயந்தே குமுத் வகுப்புக்குப் போயிருக்கிறார், குருஜி ஒதுக்கவில்லை. ஆனால் சமஸ்கிருதத்தில் எம்.ஏ. முடித்த பிறகு வேலைதான் கிடைக்கவில்லை. நேர்காணலில் ஏளனம்தான் மிச்சம். அப்புறம் மஹாரைவிட மேலாகக் கருதப்படும் குன்பி மராத்தா சாதியைச் சேர்ந்த மோதிராம் பாவ்டேயுடன் திருமணம். சில மாதங்களில் அரசுக் கல்லூரியில் வேலை. அதே ஆள், அதே சான்றிதழ். வேலை கிடைத்தது பாவ்டேக்கு, சோம்குவருக்கு இல்லை என்று அவரே எழுதுகிறார்.

அந்த இடத்தில் அக்கா வாசிப்பதை நிறுத்திவிட்டார். பிறந்த சாதி கதவைச் சாத்த, புருஷன் பெயர் வந்து திறந்துவிட்டிருக்கிறது. இரண்டிலும் அவர் படித்த படிப்பு எங்கே? காளிதாசனின் ஊர்வசியையும் சகுந்தலையையும் வரிவரியாகப் படித்தவளாக இருந்தாலும் கணக்கில் வருவது யார் மகள், யார் மனைவி என்பதுதான். இனிஷியல் போடும் நம் ஊர் தப்பித்தது என்று நினைத்துக்கொள்ள முடியவில்லை. அங்கே 'எந்தத் தெரு?' என்று கேட்பார்கள், அவ்வளவுதான்.

அடுத்த பட்டியலில் மதிப்பெண்ணை முதலிலும் ஆட்நாவைக் கடைசியிலும் போட்டேன். பெரியவர் தாளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு விரலை வலது ஓரத்துக்குக் கொண்டுபோனார்.