ஐந்நூறு யூனிட்டைத் தாண்டிய கோடை: எங்கள் வீட்டுக் கரண்ட் பில் கணக்கு

2025 ஏப்ரல், மே மாதங்களுக்கு வேலூரில் எங்கள் வீட்டுக்கு வந்த கரண்ட் பில் 3,825 ரூபாய். அதற்கு முந்தைய இரண்டு மாதத்துக்குக் கட்டியது 1,081 தான். யூனிட்டைப் பார்த்தால் 380 இருந்தது 700 ஆகியிருக்கிறது, இரண்டு மடங்குகூட இல்லை. தொகை மட்டும் மூன்றரை மடங்கு. மீட்டர் ஏதோ தப்பாக ஓடுகிறது என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். புகார் எழுதும் முன் கணக்கை நாமே போட்டுப் பார்த்துவிடலாம் என்று பில்லும் பேனாவுமாக உட்கார்ந்தேன்.

2024 ஜூலையில் ஏறிய கட்டணம்தான் அப்போது நடப்பில் இருந்தது. அரசு மானியம் போக அப்போது நாம் கட்டியது இது: இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. அதற்கு மேல் போனால் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1000 வரை 10.50, ஆயிரத்தையும் தாண்டினால் 11.55.

இதுவரைக்கும் பலருக்கும் தெரியும். 500ஐத் தாண்டும் இடத்தில்தான் குழப்பம். எங்கள் தெருவில் ஒருவர், "ஐந்நூறு தாண்டினா நூறு யூனிட் இலவசம் போயிடும்" என்றார். இன்னொருவர், "முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய் போடுவாங்க" என்றார். இரண்டுமே இல்லை. அந்தக் கட்டணத்தில் இலவச நூறு அப்படியே இருக்கும். போவது அடுத்த நூறுக்கான பாதி விலை மட்டும்தான். 2.35 ரூபாயில் கிடைத்த அந்த நூறும் 4.70 ஆகிவிடும், அதற்கு 235 ரூபாய் கூடும். சரியாக 500 யூனிட் ஓடினால் பில் 1,805. 510 ஓடினால் 2,124. பத்தே யூனிட்டுக்கு 319 ரூபாய்! சம்பளத்தை எண்ணிச் செலவழிக்கும் வீட்டுக்கு இது சின்னத் தொகை இல்லை. அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அந்த வீட்டுக்கு இருக்கிறது.

எங்கள் 700 யூனிட்டுக்கு இதே கணக்கைப் போட்டேன். 101 முதல் 400 வரை 1,410, அடுத்த நூறுக்கு 630, அதற்கடுத்த நூறுக்கு 840, கடைசி நூறுக்கு 945. கூட்டினால் 3,825. ஒரு ரூபாய்கூடப் பிசகவில்லை.

சரி, கணக்கு சரி. 320 யூனிட் கூடுதலாக ஓடியது உண்மையா? இதற்கு மீட்டரிலேயே வழி இருக்கிறது. எங்கள் மீட்டரின் முகப்பில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். எத்தனை முறை மின்னினால் ஒரு யூனிட் என்பது பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். எங்களுடையதில் 3200. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒன்றரை டன் ஏசியை மட்டும் போட்டு, கைபேசியில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டு எண்ணினேன். 64 முறை மின்னியது. மணிக்கு 3840, அதாவது மணிக்கு 1.2 யூனிட். அறை குளிர்ந்த பிறகு மறுபடி எண்ணியபோது பாதியாகக் குறைந்திருந்தது. பழைய சீலிங் ஃபேன் ஒன்று மட்டும் ஓடும்போது நிமிடத்துக்கு நாலு மின்னல். ராத்திரி முழுக்க ஏசி, மத்தியானத்தில் அம்மாவுக்காகக் கொஞ்ச நேரம் என்று கூட்டிப் பார்த்ததில் 320 யூனிட் நியாயமாகத்தான் வந்தது. மீட்டரில் கோளாறு இல்லை.

அப்புறம்தான் இன்னொன்று புரிந்தது. ஏசிக்காகக் கூடிய அந்த 320 யூனிட்டுக்கு நாங்கள் கட்டியது 2,744 ரூபாய், யூனிட்டுக்கு எட்டரைக்கும் கொஞ்சம் மேலே. மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து, யூனிட் ஐந்தரை ரூபாய் என்று நினைத்துக்கொண்டிருந்தால் எந்த முடிவும் சரியாக வராது. கோடையில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு யூனிட்டும் விலை கூடிய மேல் படியிலிருந்துதான் குறைகிறது. அதற்குரிய விலையும் மேல் படி விலைதான்.

இந்தக் கணக்கில் பார்த்தால் ஃபேன் மாற்றுவது லாபம். பழைய ஃபேன் 75 வாட், கரண்ட் குறைவாக எடுக்கும் புது வகையான பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவுதான். தினம் 16 மணி நேரம் ஓடும் ஒரு ஃபேனில் இரண்டு மாதத்துக்கு 43 யூனிட் குறையும். கூடத்திலும் அம்மா அறையிலும் மாற்றினோம். ஏசியை 26இல் வைத்து ஃபேனையும் மெதுவாக ஓடவிட்டோம். ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் ஆற்றல் திறன் பணியகம் (BEE) சொல்லும் கணக்கு. ஃபில்டரையும் கழற்றிக் கழுவினோம். மத்தியான ஏசியை மட்டும் நிறுத்தவில்லை. வேலூர் வெயிலில் வயதானவர்களைப் பில்லுக்குப் பயந்து புழுக்கத்தில் உட்காரவைக்கக் கூடாது. குறைக்க வேறு இடங்கள் இருக்கின்றன.

ஞாயிறுதோறும் மீட்டர் ரீடிங்கைக் காலண்டரில் குறித்துக்கொள்கிறேன். கடைசியாக ரீடிங் எடுத்த தேதியும் அன்றைய எண்ணும் தெரிந்தால், 500க்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்று கழித்துப் பார்த்துவிடலாம். ரீடிங் எடுக்க வரும் தேதி சில நாள் தள்ளிப்போனால் அந்த நாட்களில் ஓடுவது மேல் படியில் சேரும் என்பதால் தேதி முக்கியம். ஜூன், ஜூலை கணக்கு 490 யூனிட், 1,742 ரூபாய்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் தன் இணைப்பிலிருந்தே கரண்ட் பிரித்துக் கொடுத்து, அதை அளக்க சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று ஒரே விலை வாங்கும் வீடுகள் உண்டு. இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் மட்டுமே ஓட்டும் குடும்பம் அங்கே 1,600 ரூபாய் கொடுக்கிறது. தனி இணைப்பு இருந்தால் அதே 200 யூனிட்டுக்கு மேலே சொன்ன கட்டணப்படி 235 ரூபாய்தான். குடிபோகும் முன் தனி இணைப்பு இருக்கிறதா, மின் இணைப்பு எண் என்ன என்று கேட்டுவிடுங்கள்.

எங்கள் வீட்டில் இனி பாக்கி மொட்டை மாடிதான். நாள் முழுக்கக் காய்ந்த தளத்தின் சூடு ராத்திரி பத்து மணிக்கும் கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது. அடுத்த மார்ச்சுக்குள் வெள்ளைப் பூச்சு அடிக்கப் பேசிவைத்திருக்கிறோம்.