பதினேழாம் எண் கல்

திரும்பி வந்த என் அறிக்கையில் 43ஆம் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு வரி இருந்தது: "இந்தத் தண்ணீர் அந்தக் கல்லை நகர்த்துமா?"

ஆற்றின் குறுக்கே ஏதாவது கட்டுவதற்கு முன், அது எவ்வளவு பெரிய வெள்ளத்தைத் தாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை. இமயத்தில் ஒரு பள்ளத்தாக்கு. அங்கிருந்த அளவீட்டு நிலையத்தில் 22 ஆண்டுப் பதிவு கிடைத்தது. ஒவ்வோர் ஆண்டின் உச்ச வெள்ளத்தையும் எடுத்து, வரிசைப்படுத்தி, ஒரு வளைகோட்டைப் பொருத்தி, அதை நீட்டி நூறாண்டு வெள்ளம் (சராசரியாக நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடியது), ஆயிரமாண்டு வெள்ளம் என்று எழுதிவிட்டேன். ஆயிரமாண்டு வெள்ளத்துக்கு வந்த விடை வினாடிக்கு 1,400 கன மீட்டர். பாடத்தில் படித்தபடியே செய்திருந்தேன். அதனால்தான் அந்தப் பென்சில் வரியைப் பார்த்ததும் எரிச்சல் வந்தது. எழுதியவர் எங்களுக்கு ஆலோசகராக இருந்த, ஓய்வுபெற்ற நிலவியலாளர்.

எந்தக் கல் என்று கேட்டேன். அடுத்த மாதம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

மழைக்காலம் முடிந்திருந்தது. முழங்கால் அளவுக்குத் தெளிந்த தண்ணீர். நடுவே லாரி அளவில் ஒரு பாறை, அதற்குப் பின்னால் இன்னும் பல. "இதை யார் கொண்டுவந்தது, சொல்லுங்க" என்றார்.

"ஆறுதான் சார்."

"எந்த ஆறு? இதுவா?" ஷூ நுனியால் தண்ணீரைத் தொட்டுக் காட்டினார்.

அப்படி ஒரு கல்லைப் பார்த்தவுடன் வெள்ளம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது என்பதையும் அவரே சொன்னார். பக்கத்து மலைச்சரிவிலிருந்து உருண்டிருக்கலாம். அப்படியென்றால் முனைகள் கூராக இருக்கும், மேலே பெயர்ந்த தழும்பு தெரியும். பனியாறே சுமந்துவந்து விட்டுப் போயிருக்கலாம். அப்போது சில கற்களில் தேய்த்த கோடுகள் இருக்கும். வெள்ளம் கொண்டுவந்த கற்கள் தனியாக நிற்பதில்லை. ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, ஆறு வரும் திசைப் பக்கம் சரிந்து கிடக்கும். இங்கே கிடந்தவை அப்படித்தான் கிடந்தன.

இரண்டு நாள் கற்களை அளந்தோம். நீளம், அகலம், தடிமன். மூன்றில் நடு அளவுதான் கணக்குக்கு உதவும். அளந்த கல்லில் மஞ்சள் பெயிண்டால் எண் போடுவது என் பொறுப்பு. பெரிய கல்லுக்கு எண் 17, நடு அளவு 4 மீட்டர். இவ்வளவு பெரிய கல்லை நகர்த்த என்ன வேகம் வேண்டும் என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு. போட்டுப் பார்த்தால் வினாடிக்குச் சுமார் 10 மீட்டர் என்று வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். கடைசியில் ஓர் எண் கிடைத்துவிட்டதே!

அந்தச் சந்தோஷம் அரை மணி நேரம்கூட நிலைக்கவில்லை. ஆறு அரித்து நிறுத்தியிருந்த ஒரு கரையின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். சேறு, சரளை, பாறை எல்லாம் அடுக்கே இல்லாமல் கலந்து கிடந்தன. தெளிந்த தண்ணீர் வண்டலைப் போட்டிருந்தால் பெரியது, சிறியது எனப் பிரித்து அடுக்கியிருக்கும். இது கலவை எந்திரத்திலிருந்து கொட்டிய கான்கிரீட் போல வந்திருக்கிறது. அப்படிப்பட்ட குழம்பில் பாறையின் எடையில் ஒரு பகுதியைக் குழம்பே தாங்கிவிடும், குறைந்த வேகமே போதும். என் சூத்திரமோ தெளிந்த தண்ணீருக்கானது.

"அப்ப அந்தப் பத்து மீட்டர்?"

"எழுதிக்கோங்க. பக்கத்துல ஒரு கேள்விக்குறியும் போட்டுக்கோங்க."

மூன்றாம் நாள் மேலே ஏறினோம். பள்ளத்தாக்கின் தலைமாட்டில் பனியாறு ஒரு காலத்தில் தள்ளிக் குவித்த மேடு இருந்தது. மொரைன் என்பார்கள். நடுவில் கோடரியால் வெட்டியது போல ஒரு பிளவு. பின்னால், பனி உருகிய நீர் ஏரியாகத் தேங்கியிருந்த இடத்தில், வெறும் குழி. பிளவுக்குக் கீழே விசிறி போலப் பாறைகள் பரவிக் கிடந்தன.

மொரைன் யாரும் கட்டிய அணை அல்ல. கல்லும் மண்ணும், பல இடங்களில் உள்ளே பழைய பனிக்கட்டியும் கலந்த குவியல். மேலிருந்து ஒரு பனித்துண்டோ மலைத்துண்டோ ஏரியில் விழுந்தால் அலை எழும்பி மேட்டைத் தாண்டும். தாண்டும் தண்ணீர் மேட்டை அறுக்கும். அறுத்த வழி அகலமானால் இன்னும் அதிகத் தண்ணீர், இன்னும் அதிக அறுப்பு. ஏரி தீரும்வரை, அல்லது நகர்த்த முடியாத அளவுக்குப் பெரிய கற்கள் பிளவின் அடியில் படியும்வரை இது நிற்காது. நேபாளத்தின் திக் சோ ஏரி 1985 ஆகஸ்ட் 4 அன்று இப்படித்தான் உடைந்தது. பனிச்சரிவு, அலை, உடைப்பு. கீழே ஏறக்குறையக் கட்டி முடித்திருந்த ஒரு நீர்மின் நிலையத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது.

பனியே அணையாக நிற்கும் இடங்களில் கதை வேறு. பனிக்கட்டி தண்ணீரைவிட லேசானது அல்லவா? தேங்கும் நீரின் ஆழம் பனியின் தடிமனில் பத்தில் ஒன்பது பங்கை நெருங்கும்போது அணையே மிதக்கத் தொடங்கிவிடும். பல நேரம் அதற்கு முன்பே தண்ணீர் அடியில் ஒரு சுரங்கம் கண்டுபிடித்து, சுவரை உருக்கி உருக்கிப் பெரிதாக்கிக்கொள்ளும். ஐஸ்லாந்தில் 1996 செப்டம்பர் இறுதியில் வாட்னயோகுல் பனிப்படலத்துக்கு அடியில் எரிமலை வெடித்தது. உருகிய நீர் கிரிம்ஸ்வோட்ன் ஏரியில் ஒரு மாதத்துக்கு மேல் தேங்கி, நவம்பர் 5 அன்று வெளியேறியது. உச்சத்தில் வினாடிக்குச் சுமார் 45,000 கன மீட்டர். முறுக்கிக் கிடக்கும் பாலத்தின் இரும்பு உத்தரங்களைப் படத்தில் பார்த்துவிட்டு என் 1,400-ஐ நினைத்துக்கொண்டேன். அந்த வெள்ளம் சுமந்துவந்த பனிப்பாளங்கள் மணல்வெளியில் புதைந்தும் தங்கியும் பிறகு உருகின. அவை இருந்த இடங்களில் குழிகள் மிஞ்சின. ஊற்று இல்லை, ஓடை இல்லை, ஆனால் வட்டமாக ஒரு குழி. தெரியாதவர்கள் பார்த்தால் குழம்பிப்போவார்கள்.

எங்கள் ஆலோசகருக்குப் பிடித்த கதை பிரெட்ஸ் என்ற அமெரிக்க நிலவியலாளருடையது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வறண்ட பாறைக் கால்வாய்கள், தண்ணீரே இல்லாத நீர்வீழ்ச்சி விளிம்புகள். 'உலர் அருவி' என்று பெயரே வைத்திருக்கும் விளிம்பு 120 மீட்டர் உயரம். இதெல்லாம் ஒரு மாபெரும் வெள்ளத்தின் வேலை என்று 1923இல் பிரெட்ஸ் எழுதினார். 1927இல் ஒரு கூட்டத்துக்கு அழைத்து, சக நிலவியலாளர்கள் வரிசையாக மறுத்தார்கள். நிலம் மெதுவாகத்தான் மாறும் என்பது அந்தத் துறையின் அரிச்சுவடி. அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அவராலும் அப்போது சொல்ல முடியவில்லை. பனியுகத்தில் பனி அடைத்து நின்ற மிசோலா ஏரியின் படுகையில், பல மீட்டர் உயர மணல் அலைகளைப் போன்ற சரளை மேடுகளை பார்டீ என்பவர் 1940இல் எடுத்துக்காட்டினார். ஏரி வேகமாகக் காலியானதற்கான தடம் அது. பிரெட்ஸுக்குத் துறையின் உயரிய பதக்கம் 1979இல், தொண்ணூறைத் தாண்டிய வயதில் கிடைத்தது. அந்த மறுப்பாளர்களை நான் முன்பெல்லாம் கேலி செய்வேன். இப்போது செய்வதில்லை. 22 ஆண்டுப் பதிவை வைத்துக்கொண்டு நான் எழுதியதும் அந்த அரிச்சுவடிதானே.

உண்மையில் என்னை உலுக்கியது மிகச் சிறிய ஒரு வெள்ளம். 2016 ஜூலையில் நேபாளத்தின் போட்டேகோசி ஆற்றில் வந்தது. திபெத் பக்கம் உடைந்த ஏரியில் இருந்தது சுமார் ஒரு லட்சம் கன மீட்டர்தான், இமயக் கணக்கில் ஒரு குட்டை. ஆனால் பருவமழை வெள்ளம் தொடாத பெரும்பாறைகளை அது புரட்டிப்போட்டது. அந்தப் பாறைகள்தான் ஆற்றுப்படுகையின் கவசம். கவசம் கழன்றால் அடி அரிக்கும், அடி அரித்தால் கரை சரியும், கரை சரிந்தால் அதற்கு மேலுள்ள மலையும் இறங்கும். தினமும் ஓடும் ஆறு அந்தப் பள்ளத்தாக்கைப் பராமரிக்கிறது, அவ்வளவுதான். குடைவது எப்போதாவது வரும் இன்னொன்று.

அறிக்கையைத் திருத்தி எழுதுவதுதான் கடினமாக இருந்தது. ஒருமுறை உடைந்து காலியான ஏரிக்கு நூறாண்டில் எத்தனை தடவை என்று எப்படிக் கணக்கிடுவது? என் புள்ளியியல், ஒவ்வோர் ஆண்டும் ஒரே குடத்திலிருந்து சீட்டு எடுப்பதாக எண்ணிக்கொள்கிறது. பனியாறு பின்வாங்கப் பின்வாங்கப் புது ஏரிகள் உருவாகின்றன. குடமே மாறிக்கொண்டிருக்கிறது. கடைசியில் இரண்டு அத்தியாயங்களாகப் பிரித்தேன். மழை வெள்ளத்துக்குப் பழைய வளைகோடு. உடைப்பு வெள்ளத்துக்கு, மேலே இன்று இருக்கும் ஒவ்வோர் ஏரியும் உடைந்தால் என்ன ஆகும் என்ற தனித்தனிக் கணக்கு, நிகழ்தகவு போடாமல். ஒற்றை எண் கேட்டவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் கட்டுமான இடம் சற்றுத் தள்ளிப்போனது. எங்கள் அறிக்கைதான் காரணம் என்று பெருமையடிக்க மாட்டேன், நிலம் எடுப்பதிலும் சிக்கல் இருந்தது.

சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி 2023 அக்டோபரில் உடைந்த செய்தி வந்தபோது எங்கள் அலுவலகத்தில் யாரும் அதிகம் பேசவில்லை. ஆபத்தான ஏரி என்பது முன்பே தெரியும். 2016இல் குழாய் போட்டுத் தண்ணீரை இறக்கவும் பார்த்தார்கள். பக்கவாட்டு மொரைன் ஒன்று சரிந்து ஏரிக்குள் விழுந்தது. சுங்தாங்கில் தீஸ்தா ஆற்றை மறித்து நின்ற 60 மீட்டர் உயர அணை போய்விட்டது. தெரிந்திருந்தும் நடந்தது என்பது தெரியாமல் நடந்ததைவிடக் கனமாக இருந்தது.

மூன்று பருவமழைக்குப் பிறகு அதே பள்ளத்தாக்குக்கு மறுபடி போக வாய்த்தது. ஆலோசகர் வரவில்லை, முழங்கால் வலி. சிறிய கற்களில் பாதியைக் காணவில்லை. 4ஆம் எண் கல் கவிழ்ந்து கிடந்தது, 31 இருந்த இடத்தில் மணல். 17 அசையவே இல்லை, எண் மட்டும் வெளுத்துப்போயிருந்தது. கூட வந்த பையன் பெயிண்ட் டப்பாவைத் திறந்துகொண்டே, "இதுக்கும் போடணுமா சார், இது எங்க போகப் போகுது?" என்றான்.

போடு என்றேன்.