பருப்பு நன்றாக வேகும் தண்ணீர்

பள்ளிகளில் தண்ணீர் விழிப்புணர்வு என்றாலே பேரணிதான். அட்டை பிடித்த பிள்ளைகள் இரண்டு வரிசையாகப் போவார்கள், ஆசிரியர்கள் ஓரத்தில் நடப்போம், தெருமுனையில் புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புவோம். தருமபுரி மாவட்டத்துக் கிராமப் பள்ளிகளில் அறிவியல் ஆசிரியையாக வேலை பார்த்த காலமெல்லாம் இப்படிப்பட்ட பேரணிகளில் நடந்திருக்கிறேன். அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் வாசலில் நின்று வேடிக்கை பார்க்கும் பெண்ணுக்குத் தன் வீட்டுக் குடத்தில் இருக்கும் தண்ணீரைப் பற்றி அந்தப் பேரணி புதிதாக எதையும் சொல்வதில்லை. 'நீரைக் காப்போம்' என்று அவளிடம் முழங்க வேண்டியதே இல்லை. நாள்தோறும் குடம் தூக்குகிறவள் அவள்தான்.

எங்கள் மாவட்டத்தின் தண்ணீருக்கு ஒரு குறிப்பிட்ட நோய் உண்டு. இங்குள்ள பாறைகளில் ஃபுளோரைடு கலந்த கனிமங்கள் இருக்கின்றன. ஆழத்தில், பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தேங்கிக் கிடக்கும் நீர் அவற்றைக் கரைத்துக்கொள்கிறது. இந்தியக் குடிநீர்த் தரக்கட்டுப்பாட்டின்படி ஒரு லிட்டரில் ஃபுளோரைடு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் மட்டும் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டிய நீரைக் குடித்து வளரும் குழந்தைகளின் பற்களில் வெள்ளைத் திட்டுகளும் பழுப்புக் கறைகளும் விழும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். 1937-ஆம் ஆண்டிலேயே அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் மருத்துவர்கள் இதை எழுதி வைத்துவிட்டார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக ஜப்பானியக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-இல் அடிக்கல் நாட்டினார்கள், 2013-இல் தொடங்கி வைத்தார்கள். காவிரி நீர் குழாயில் எங்கள் ஊர்த் தொட்டிக்கும் வந்து சேர்ந்தது.

தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு ஆய்வுத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தபோது, எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான். "டீச்சர், ஒகேனக்கல் தண்ணீர் வந்தபோது நாங்கள் எல்லாரும் கைக்குழந்தைகள். அப்படியானால் எங்களுக்குப் பல்லில் கறை இருக்கக் கூடாதே? சிலருக்கு ஏன் இருக்கிறது?"

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. கறை இருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். குழுப் புகைப்படம் எடுக்கும்போதெல்லாம் உதட்டை இறுக்கிக்கொள்கிற பிள்ளைகள் அவர்கள். ஆகவே முதல் முடிவாக, யாருடைய பல்லையும் நாங்கள் எண்ணப்போவதில்லை என்று சொல்லிவிட்டேன். கறையைத் தரம் பிரிப்பது பல் மருத்துவர் செய்ய வேண்டிய வேலை. அதைவிட முக்கியமாக, பக்கத்து பெஞ்சில் இருப்பவனின் வாயைப் பார்த்து நோட்டில் மதிப்பெண் போடும் பழக்கம் எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம். இதனால் ஆய்வில் ஓர் ஓட்டை விழும் என்று மாநாட்டு நடுவர் ஒருவர் பின்னால் குறை சொன்னார். சொல்லட்டும். நாங்கள் தண்ணீரை மட்டும் அளந்தோம்.

அளக்கக் கற்றுக்கொடுத்தது நானல்ல. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களைத் தேர்ந்தெடுத்து, களத்திலேயே நீரைச் சோதிக்கும் பெட்டியைப் பயன்படுத்தப் பயிற்சி கொடுக்கிறார்கள். அப்படிப் பயிற்சி பெற்றவர்களில் ஒருவர் எங்கள் மாணவனின் அம்மா. பெட்டியில் என்னென்ன இருக்கிறது என்பதை என்னைவிட அவர் தெளிவாகச் சொன்னார். ஃபுளோரைடு சோதனை பார்க்க எளிமையானது: குறித்த அளவு நீரில் சோதனைத் திரவத்தைச் சேர்த்தால் சிவப்பாக இருக்கும், ஃபுளோரைடு கூடக் கூட அது மஞ்சளை நோக்கிப் போகும். நிற அட்டையோடு ஒப்பிட்டு எண்ணை எழுத வேண்டும். சண்டை அங்கேதான் தொடங்கியது. ஒருவனுக்கு ஆரஞ்சாகத் தெரிவது இன்னொருத்திக்கு மஞ்சளாகத் தெரிந்தது. வெயிலில் ஒரு நிறம், நிழலில் ஒரு நிறம். கடைசியில் பிள்ளைகளே விதி வகுத்துக்கொண்டார்கள்: மர நிழலில் வெள்ளைத் தாளுக்கு முன்னால் வைத்துப் பார்க்க வேண்டும், இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து, வாய் திறக்காமல் எழுதிவிட்டு, பிறகு காட்டிக்கொள்ள வேண்டும், எண்கள் ஒத்துப்போகாவிட்டால் மறுபடியும் செய்ய வேண்டும். பாடப்புத்தகத்தில் 'அறிவியல் முறை' என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதை நான் எத்தனை தடவை நடத்தியும் ஏறாத விஷயம் அன்றைக்கு வேப்பமரத்தடியில் ஏறியது. சந்தேகத்துக்கிடமான மாதிரிகளைப் பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கும் அனுப்பினோம்.

டி.டி.எஸ். மீட்டரை வைத்துக்கொண்டு தண்ணீருக்குச் சான்றிதழ் கொடுப்பது இப்போது எங்கும் நடக்கிறது. கேன் தண்ணீர் விற்பவர் அந்தச் சிறிய கருவியை நீரில் நனைத்துக் காட்டுகிறார், வீட்டுக்காரர் தலையாட்டுகிறார். கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைத்தான் அது சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. எங்கள் பிள்ளைகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது, டி.டி.எஸ். குறைவாக இருந்த ஒரு ஆழ்துளைக் கிணற்றில்தான் ஃபுளோரைடு மிக அதிகமாக இருந்தது.

அந்தக் கிணறு ஊரே மெச்சுகிற கிணறு. கரட்டோரமாக, அதாவது சிறு பாறைக் குன்றை ஒட்டி இருக்கிறது. வீடு வீடாகப் போய் 'எந்தத் தண்ணீர் நல்ல தண்ணீர்?' என்று பிள்ளைகள் கேட்டபோது, பெரியவர்கள் பெரும்பாலும் அதைத்தான் சொன்னார்கள். ஏன் என்று கேட்டதற்குக் கிடைத்த பதில்களை நோட்டில் அப்படியே எழுதியிருந்தார்கள். பருப்பு சீக்கிரம் வேகும். சோப்பு நன்றாக நுரைக்கும். குடித்தால் இனிக்கும். ஒகேனக்கல் தண்ணீரில் மருந்து வாடை அடிக்கிறது, சோறு ருசிப்பதில்லை.

அந்த நோட்டைத்தான் என் பணிக்காலத்தின் முக்கியமான ஆவணமாக நினைக்கிறேன். பருப்பு வேகாமல் சண்டி செய்வதும் சோப்பு நுரைக்காமல் போவதும் நீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்திருப்பதால். கால்சியம் இருந்தால் அது ஃபுளோரைடைப் பிடித்துக்கொண்டு படிந்துவிடும். நீரில் ஃபுளோரைடு ஓரளவுக்கு மேல் ஏற முடியாது. கால்சியம் குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த மென்னீரில்தான் ஃபுளோரைடு தடையில்லாமல் கரைந்து நிற்கும். ஃபுளோரைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஆக, நல்ல தண்ணீரைக் கண்டுபிடிக்கத் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் வைத்திருந்த சோதனைகள் ஒவ்வொன்றும், இந்த மண்ணில், கெட்ட தண்ணீரையே சுட்டிக்காட்டின. அவர்கள் அறியாமையில் இருந்தார்கள் என்று இதற்குப் பொருளில்லை. அந்தச் சோதனைகள் ஆழமில்லாத திறந்த கிணற்று நீருக்கானவை. முப்பதடிக் கிணறு வற்றி, அறுநூறடி, எழுநூறடிக்கு துளை இறங்கிய பிறகு வந்த நீருக்கு அவை பொருந்தவில்லை. இதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க நான் கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது. பாட்டிகளை முட்டாளாக்கிவிட்டு வரும் விழிப்புணர்வை ஊர் ஏற்றுக்கொள்ளாது.

குடிப்பதற்கு ஒகேனக்கல், சமைப்பதற்குக் கரட்டுக் கிணறு என்று பிரித்துப் புழங்கிய வீடுகள் பல. குடிநீர் மாறினால் போதும் என்று நினைத்திருக்கிறார்கள். ஆனால் சோறு உறிஞ்சிக்கொள்வதும் குழம்பாக வற்றுவதும் சமையல் நீர்தான். நன்றாகக் கொதிக்க வைத்துவிடுகிறோமே என்று ஒரு தாய் கேட்டார். கொதித்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகி, மிச்சத்தில் ஃபுளோரைடின் செறிவு கூடத்தான் செய்யும்.

இதற்கிடையில் இன்னொரு சிக்கல். ஒரே தெருக்குழாயில் ஒரு நாள் எண் குறைவாகவும் இன்னொரு நாள் வரம்பைத் தாண்டியும் வந்தது. சின்னப் பிள்ளைகள் தப்பாக அளந்திருப்பார்கள் என்று பள்ளியிலேயே சிலர் சொன்னார்கள். மாணவர்கள் எண்ணைத் திருத்த மறுத்துவிட்டு, மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டரைத் தேடிப் போனார்கள். அவர் ரகசியம் எதுவும் வைத்திருக்கவில்லை. மேட்டுப் பகுதியில் இருக்கும் எங்கள் தொட்டிக்கு ஆற்று நீர் சில நாள் வருவதில்லை, வந்தாலும் பாதிதான் நிரம்பும். ஊர் சத்தம் போடும். அப்போது கரட்டுக் கிணற்று மோட்டாரைப் போட்டு அதே தொட்டியை நிரப்பிவிடுவார். "இத்தனை வருடமாக இதை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை கண்ணு" என்றாராம். ஊரின் தண்ணீர் முழுவதும் அவர் கைவழியாகத்தான் போகிறது. ஆனால் தண்ணீரைப் பற்றிய எந்தக் கூட்டத்திலும் அவருக்கு நாற்காலி போட்டு நான் பார்த்ததில்லை.

கறை படிந்த பல் உள்ள மாணவி ஒருத்தி ஒரு மாலை எல்லாரும் போன பிறகு வந்து நின்றாள். "இனிமேல் நல்ல தண்ணீர் குடித்தால் எனக்குப் பல் வெள்ளையாகுமா டீச்சர்?" பொய் சொல்ல முடியாது. பல்லின் எனாமல் உருவாகிற வயதில்தான், அதாவது ஏறக்குறைய எட்டு வயதுக்குள்தான், ஃபுளோரைடு அதைக் கெடுக்கிறது. முளைத்துவிட்ட பல்லைத் தண்ணீர் மாற்றாது. மருத்துவர் மேற்பூச்சாக ஏதாவது செய்யலாம், அவ்வளவுதான். சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்படியானால் என் தம்பிக்கு?" என்று கேட்டாள். தம்பிக்கு மூன்று வயது.

மறுநாள் வரைபடம் மாறியது. அதுவரை ஊர் வரைபடத்தில் குழாய்களைத்தான் குறித்திருந்தார்கள். அவள் ஒரு சிவப்புப் பேனாவை எடுத்து, எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் இருக்கும் வீடுகளைக் குறிக்கத் தொடங்கினாள். அந்தப் புள்ளிகளையும் கலப்பு நீர் போகும் தெருக்களையும் ஒன்றாகப் பார்த்தபோது, முதலில் யாரிடம் போய்ப் பேச வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிட்டது. அட்டை, முழக்கம் எதுவும் இல்லை. இரண்டு பேராகப் போனார்கள். இந்தக் குழாயில், இன்ன நாளில் வரும் நீரைச் சின்னவனுக்குக் கொடுக்க வேண்டாம், சோற்றுக்கும் வேண்டாம். துணி துவைக்கலாம், பாத்திரம் கழுவலாம். இவ்வளவுதான் செய்தி. சில வீடுகளில் கேட்டுக்கொண்டார்கள். சில வீடுகளில், "எங்கள் அப்பன் பாட்டன் குடிக்காததா?" என்று அனுப்பிவிட்டார்கள்.

2022-க்குப் பிறகு தமிழ்நாட்டில் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-இலும் உள்ளாட்சி நாளான நவம்பர் 1-இலும் கூடக் கிராமசபை கூடுகிறது. மார்ச் மாதத்தில் எங்களுக்குத் தேர்வுகளைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது. எனவே நவம்பரைப் பிடித்தோம். கிராமசபையில் உறுப்பினர்கள் என்றால் வாக்காளர்கள்தான். பிள்ளைகள் கொண்டுவரும் மனுவைத் தீர்மானமாக்க முடியாது. அதனால் தாய்மார்கள் மனு கொடுத்தார்கள், பிள்ளைகள் வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆற்று நீரின் அளவைக் கூட்டுவது என் கையில் இல்லை என்றார் ஊராட்சித் தலைவர். அதில் உண்மை இருந்தது. ஆனால் பிள்ளைகள் கேட்டது வேறு. ஏரிக்கரையில் இருக்கும் பழைய ஆழ்துளைக் கிணற்றின் ஃபுளோரைடு வரம்புக்குள் இருந்தது. ஆய்வக அறிக்கையும் அதையே சொன்னது. கலந்துதான் ஆக வேண்டுமென்றால் கரட்டுக் கிணற்றுக்குப் பதில் அதைக் கலக்கட்டும். கலக்கும் நாளில் தொட்டியடியில் பலகையில் எழுதிப் போடட்டும். ஏரிக்கரைத் தண்ணீரில் பருப்பு வேகாதே என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அது உப்புத் தண்ணீர், கால்சியம் மிகுந்தது. அந்த ஆட்சேபம் நியாயமானதுதான். ஆனாலும் தீர்மானம் நிறைவேறியது.

பலகை உடனே வந்துவிட்டது. ஆபரேட்டரே சுண்ணாம்புக் கட்டியால் எழுதுகிறார், ஞாபகம் இருக்கும் நாட்களில். குழாயை மாற்றி இணைக்கும் வேலைக்கு நிதி ஒதுக்கப் பல மாதம் ஆனது. ஆய்வறிக்கை மாவட்ட அளவைத் தாண்டவில்லை. பல்லை எண்ணாததும் அதற்கு ஒரு காரணம் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பிள்ளைகள் இப்போது மேல்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டார்கள்.

இப்போதைய ஏழாம் வகுப்புக்கு வேறு கேள்வி. ஊரில் எதிர்ச்சவ்வூடு (ஆர்.ஓ.) முறையில் இயங்கும் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று வந்திருக்கிறது. அது ஃபுளோரைடைப் பிரித்துவிட்டு நல்ல நீரைக் கேனில் அடைக்கிறது. பிரித்தெடுத்த ஃபுளோரைடு, செறிவு கூடிய கழிவுநீராக ஒரு குழாய் வழியே வெளியே போகிறது. அந்தக் குழாய் கட்டடத்துக்குப் பின்னால் எங்கே முடிகிறது என்று பார்க்க அனுமதி கேட்டு, உரிமையாளருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்.