அரசின் வன்முறையும் பயங்கரவாதமா? பன்னாட்டுச் சட்டத் தாளுக்கு ஒரு குறிப்பு

எல்.எல்.எம். முடிவுகள் வந்து, பன்னாட்டுச் சட்டத் தாளில் தேறிவிட்ட நிம்மதியில், பலரும் பாதி வழியில் கைவிடும் ஒரு கட்டுரை வினாவைப் பற்றி எழுதுகிறேன்: அரசுகள் நிகழ்த்தும் வன்முறையைப் பயங்கரவாதம் என வரையறுக்க இயலுமா?

எந்த நாட்டையும் சாடித் தொடங்காதீர்கள். செய்தவர் யார் என்பதை ஒத்திவைத்து, செயலின் நோக்கத்தை முதலில் நிறுவுங்கள். இதற்குக் காலிச் வழக்கை விட்டால் வேறு வழியில்லை என்பேன். பொஸ்னியப் போரில் முற்றுகையிடப்பட்ட சரயேவோ நகரில் தண்ணீர் எடுக்கப் போனவர்களையும் டிராமில் சென்றவர்களையும் குறிபார்த்துச் சுட்டவர்கள், கட்டளைக்குக் கீழ்ப்பட்ட சீருடைப் படையினர். அவர்களின் தளபதி ஸ்டானிஸ்லாவ் காலிச்சுக்கு யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயம் 2003இல் விதித்த 20 ஆண்டுச் சிறையை, 2006இல் மேல்முறையீட்டு அமர்வு ஆயுள் தண்டனையாக உயர்த்தியது. குடிமக்களிடம் பீதி பரப்புவதையே முதன்மை நோக்கமாகக் கொண்ட வன்முறை என்பது அவர்மீது நிரூபணமான குற்றங்களுள் ஒன்று. அது பொஸ்னிய செர்பியப் படைதானே, அங்கீகாரம் பெற்ற அரசின் படை அல்லவே என்று திருத்துபவர் மடக்கலாம். போர்க்காலப் பாதுகாப்புக்கான ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977ஆம் ஆண்டு முதலாம் கூடுதல் நெறிமுறை, பிரிவு 51(2)இல், அரசுப் படைகளுக்கும் அதே தடையை விதிக்கிறது என்று ஒரு வரி சேருங்கள்.

எதிர்வாதத்துக்கு இவை போதும்; நினைவாற்றல் குறைந்த என் போன்றோர் இதற்கு மேல் சுமக்க வேண்டாம்:

- பயங்கரவாதக் குண்டுவெடிப்புகளுக்கு எதிரான 1997 ஐ.நா. உடன்படிக்கை, பிரிவு 19: பிற பன்னாட்டு விதிகளுக்கு உட்பட்ட அரசுப் படைகளின் அலுவல்முறைச் செயல்களுக்கு விலக்கு.
- 1996இல் பயங்கரவாதம் பற்றி ஐ.நா.வில் இந்தியா முன்வைத்த விரிவான உடன்படிக்கை வரைவு: படைகளுக்கான விலக்கு குறித்த சர்ச்சையால் முடங்கியது.
- 2005இல் அன்றைய ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான்: அரசுகளின் படைபலப் பயன்பாடு ஏற்கெனவே சட்டத்தால் முறைப்படுத்தப்பட்டிருப்பதால், 'அரசு பயங்கரவாதம்' என்ற விவாதத்தை ஒதுக்கிவைக்கலாம்.

அன்னானின் வாதம் போர்க்காலத்துக்குப் பொருந்தும். அமைதிக்காலத்தில் அது தளர்கிறது என்பதே என் விடையின் உயிர்நாடி. 1985 ஜூலையில் நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகத்தில் பிரெஞ்சு உளவுத்துறையினர் கிரீன்பீஸ் சுற்றுச்சூழல் அமைப்பின் ரெயின்போ வாரியர் கப்பலைக் குண்டுவைத்து மூழ்கடித்தபோது ஒரு புகைப்படக்காரர் இறந்தார். பிடிபட்ட இருவர்மீது நிலைத்தது கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம். பத்தாண்டுத் தண்டனை பெற்ற அவர்கள், ஐ.நா. பொதுச்செயலாளரின் 1986 முடிவின்படி பிரான்ஸ் வசமுள்ள பசிபிக் தீவான ஹாவோவுக்கு மாற்றப்பட்டனர், மூன்றாண்டு முடியுமுன்பே இருவரும் பிரான்ஸ் திரும்பினர். பிரான்ஸ் மன்னிப்புக் கேட்டு 70 லட்சம் டாலர் கொடுத்தது. இதையே ஒரு தனிக்குழு செய்திருந்தால் என்ன பெயர் பெற்றிருக்கும் என்ற கேள்வியை எழுப்பிவிட்டு, 'வரையறுக்க இயலும். தடுப்பது அரசுகளின் விருப்பமின்மை' என்று எழுதி முடித்தேன்.