மெமரி எஞ்சினியரும் கரைவலையும்

கம்ப்யூட்டர் வேலை என்று ஊரில் சொல்லிவிட்டால் தொலைந்தோம். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். பெங்களூரில் நான் பார்ப்பது மெமரி சர்க்யூட்டில் சிக்னல்கள் முந்திப் பிந்தி வராமல் சரிக்கட்டும் வேலை. பத்து வருஷமாக அதுதான் சோறு போடுகிறது. அதனாலேயே போன மே மாதம் தங்கச்சிமடத்தில் நடந்ததை ஆபீசில் இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

மாமா மகனுக்குக் கல்யாண வீடியோ எடிட்டிங் தொழில். பழைய கம்ப்யூட்டர் திணறுகிறது என்று, புதிதாக மதர்போர்டு, புராசசர், 64 ஜிபி டிடிஆர்5 மெமரி (இந்த வகையில் ஐந்தாம் தலைமுறை) எல்லாம் ஆன்லைனில் வாங்கி வைத்துவிட்டு, லீவில் வந்த என்னைப் பிடித்துக்கொண்டான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது. மாமாவுக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் பொழுது போகவில்லை. நான் ஸ்க்ரூ முடுக்குவதைப் பார்க்க ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நல்ல வேளை, டிக்கெட் போடவில்லை.

எல்லாம் மாட்டி சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. உள்ளே கலர் கலராக லைட் எரிந்தது. சின்னப் பிள்ளைகள் கை தட்டினார்கள். திரை மட்டும் கருப்பு.

ஒரு நிமிஷம் ஆயிற்று.

"என்ன மாப்ள, படம் வரலை?" என்றார் மாமா.

"மெமரிக்கு சிக்னல் சரியா போய்ச் சேரலை போல."

அத்தை சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். "சிக்னலா? சிலோன் டவர் குறுக்க வந்திருக்கும். தனுஷ்கோடி போனா என் போன்லயும் அப்படித்தான். மாடிக்குத் தூக்கிட்டுப் போய்ப் பாரு."

மதர்போர்டில் 'டி-ரேம்', அதாவது மெமரி, என்று எழுதியிருந்த இடத்தில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஒன்பது பேர் மூச்சுவிடுவது கழுத்தில் படுகிறது. சுவிட்சை அணைத்தேன். மெமரியைக் கழற்றி, அதன் உலோகக் கால்களை அழிரப்பரால் தேய்த்து மாட்டினேன். ஆன். கருப்பு. ஒன்றரை நிமிஷத்தில் ஆஃப். ஸ்லாட் மாற்றினேன். கருப்பு. ஆஃப். போர்டிலிருந்த சின்ன பேட்டரியைக் கழற்றி, கொஞ்ச நேரம் கழித்துப் போட்டேன். அதே கருப்பு. ஆஃப். அத்தை அதற்குள் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துவிட்டார். தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் அவர்தானே, தொலைந்துபோன படத்தையும் கொடுப்பார் என்று கணக்கு.

ஐந்தாவது தடவை சுவிட்சைப் போட்டபோது மாமா என் தோளில் கை வைத்தார். "விடு மாப்ள. வடகடல்ல கரைவலை இழுக்குறாங்க, வா பாத்துட்டு வரலாம்." அவமானத்தில் அணைக்கக்கூட மறந்து கிளம்பிவிட்டேன்.

கரைவலைக்குத் தடை கிடையாது. படகில் போய் அரைவட்டமாக வலையை விட்டுவிட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையிலிருந்தே இழுப்பார்கள். இந்தக் கயிற்றில் பத்துப் பேர், அந்தக் கயிற்றில் பத்துப் பேர். நடுவே ஒரு பெரியவர் தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். திடீரென்று கத்தினார்: "கிழக்குக் கயிறு முந்துது! நிறுத்து! மேற்கே இழு!" ஒரு பக்கம் முந்தினால் மடி, அதாவது மீன் சேரும் வலைப்பை, கோணிக்கொள்ளும், மீன் போய்விடும் என்று மாமா விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடலுக்குள் இறங்கிவிடலாமா என்றிருந்தது.

மெமரிக்கும் புராசசருக்கும் நடுவே ஏகப்பட்ட செப்புக் கோடுகள். டேட்டா கோடுகளுக்குத் தாளம் போட ஸ்ட்ரோப் என்று ஒரு சிக்னல். ஒரு கோட்டில் செகண்டுக்கு 480 கோடி பிட் ஓடும் 4800 வேகத்தில், ஒரு பிட்டுக்குக் கிடைப்பது சுமார் 208 பிக்கோ செகண்ட். ஒரு செகண்டை லட்சம் கோடியாகப் பங்கு போட்டால் அதில் 208 பங்கு. அதற்குள் போர்டில் சிக்னல் மூன்று சென்டிமீட்டர் ஓடினாலே பெரிது. ஒரு கோடு சில மில்லிமீட்டர் நீண்டாலும் அதில் வரும் பிட் பிந்தும். அதற்காகத்தான் குட்டையான கோடுகளைப் பாம்பு மாதிரி வளைத்து வளைத்துப் போட்டு நீளத்தைச் சமன் செய்வோம். அப்படியும் மிச்சம் இருக்கும். எல்லாச் சிப்புக்கும் பொதுவாக நேரம் சொல்லும் கடிகார சிக்னல், மெமரி பலகையில் ஒரு சிப்பைத் தொட்டு அடுத்த சிப்புக்குப் போவதால், கடைசி சிப்புக்கு லேட்டாகத்தான் போய்ச் சேரும். எனவே 2007-இல் டிடிஆர்3 வந்ததிலிருந்து, மெமரியில் எழுதும்போது வரும் முந்தல் பிந்தலைச் சரிசெய்ய, புராசசர் பக்கம் மெமரியை மேய்க்கும் கன்ட்ரோலர் ஒவ்வொரு சிப்பிடமும் கேட்கிறது: இந்த ஸ்ட்ரோப் வந்தபோது கடிகாரம் 0-விலிருந்து 1-க்கு ஏறிவிட்டதா? 0, இல்லை. கொஞ்சம் தாமதித்து, இப்போது? 0. இப்போது? 1. சரி, உன் கணக்கு இது. படிப்பதற்கு வேறு சோதனை: தெரிந்த பிட்டுகளைப் படித்துப் பார்த்து, எந்தத் தாமதத்தில் தொடங்கி எதுவரை பிழையில்லாமல் வருகிறதோ, அதன் நடுவில் நின்றுகொள்ளும்.

இதற்குப் பெயர் ட்ரெயினிங். டிடிஆர்5-இல் முதல் தடவை சில நிமிஷம் எடுக்கும், மெமரி பெரிதென்றால் இன்னும் கூடும். அதுவரை திரை கருப்பாகத்தான் இருக்கும், மஞ்சள் விளக்கும் எரியும். நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. புதிதாகச் சேர்பவர்களுக்கு வருஷா வருஷம் இதை வகுப்பெடுப்பதே நான்தான்.

மாமாவிடம் ஒப்புக்கொண்டேன். அவர் கயிறு இழுப்பவர்களைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அப்ப அது வலை இழுத்துக்கிட்டு இருந்திருக்கு. நீ நாலு தடவ பாதியில கயித்த அறுத்துவிட்டிருக்க."

"ஆமா மாமா."

"இதுக்கா உனக்குச் சம்பளம் குடுக்குறான்?"

பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. மாமா மகன். "மச்சான், படம் வந்துருச்சு! நான் எதையும் தொடலை, அதுவா வந்துருச்சு!" பின்னால் அத்தையின் குரல்: "அந்தோணியாரே!"

வீட்டுக்குப் போய் 208 பிக்கோ செகண்ட், கடிகாரம், ஸ்ட்ரோப் எல்லாவற்றையும் அத்தைக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். அப்புறம், நேர்ந்த மெழுகுவர்த்திக்கு என்னிடமே நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.