என் பெயர் இல்லாத பட்டியல்

"நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்தாயா?" என்று அவர் கேட்டார். எங்கள் காப்பகத்தின் ரோந்துக் காவலர் அவர். நாற்காலி, உண்மை கண்டறியும் சோதனைக்கு உட்கார வைப்பது. "கணக்குப் பிரிவுக்கு அது பொருந்தாது" என்றேன். விதிப்படி சரியான பதில். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்லியாக வேண்டும். அப்புறம் ஏன் அது மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது?

அந்தச் சோதனை தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்கா பக்கத்துக் காப்பகங்களில் புதிதில்லை. நாடு முழுவதிலும் 2007இல் கள்ள வேட்டைக்குப் பலியான காண்டாமிருகங்கள் 13. 2014இல் 1,215. குரூகரில் மட்டும் 2011இல் 10,000க்கு மேல் இருந்தவை 2020இல் 3,000க்கும் கீழே வந்துவிட்டன. நிலா வெளிச்சத்தில் எந்தக் குட்டையில் எந்தத் தாய் கன்றோடு நிற்கிறது என்று வெளியிலிருந்து வருகிறவனுக்கு எப்படித் தெரியும்? உள்ளே இருக்கும் யாரோ சொல்கிறார்கள். ஒரு போன் அழைப்புக்குப் பல மாதச் சம்பளம் கிடைக்கிறபோது எல்லோரையும் நம்பு என்று நிர்வாகத்திடம் யார் சொல்ல முடியும்? நான் சொல்ல மாட்டேன்.

அவருடைய முடிவு 'தெளிவில்லை' என்று வந்தது. பொய் சொன்னார் என்று வரவில்லை. இந்த நாட்டில் அந்தச் சோதனையை மட்டும் வைத்து ஒருவரை வேலையை விட்டு நீக்க முடியாது. வேறு சான்றும் வேண்டும். அதனால் நீக்கவில்லை. ரோந்திலிருந்து எடுத்து வாசல் காவலுக்கு மாற்றினார்கள். இரவுப் படி போய்விட்டது. கடிதத்தைத் தட்டச்சு செய்து கையெழுத்து வாங்கப் போனது நான். சம்பளக் கணக்கு என்னுடையது என்பதால்.

கடிதத்தைப் படித்துவிட்டு அவர் சத்தம் போடவில்லை. "ஹெலிகாப்டர் எந்தக் காலையில் வரும் என்று எனக்கு முதல் நாள் வரைக்கும் தெரியாது. பில் உன் மேஜைக்குத்தானே முதலில் வருகிறது?" என்றார். அப்புறம்தான் அந்த நாற்காலிக் கேள்வி.

அவர் சொன்னது உண்மை. வேட்டைக்காரர்கள் தேடி வராமலிருக்கக் காண்டாமிருகங்களின் கொம்பை நாங்களே அறுத்துவிடுவோம், ஹெலிகாப்டர் அதற்குத்தான். அந்த நாட்களில் பதிவேட்டோடு நானும் போவேன். மேலிருந்து மயக்க ஊசி போட்டு, விலங்கு சாய்ந்ததும் கண்ணைத் துணியால் கட்டி, காதில் பஞ்சு அடைப்பார்கள். வளரும் வேருக்கு மேலே கோடு போட்டு அறுப்பார்கள். நகம் கருகுகிற வாடை. கொம்பும் நகமும் ஒரே கெரட்டின்தானே. கீழே தார்ப்பாயில் விழும் வெள்ளைத் துருவலைக்கூடக் கூட்டி அள்ளிப் பையில் போட்டுக் கட்ட வேண்டும், பொடிக்கும் விலை உண்டு. எடையை எழுதுவது நான். கொம்பு எந்த வண்டியில் எப்போது வெளியே போகிறது என்பதும் எனக்குத் தெரியும். தகவல் விற்க வேண்டும் என்றால் அவரைவிட நான்தான் நல்ல சரக்கு வைத்திருந்தேன். இருந்தும் என்னை யாரும் சந்தேகிக்கவில்லை. படித்தவன், மேஜை வேலை, வெளிநாட்டுக்காரன். இதில் எது என்னைக் காப்பாற்றியது என்று தெரியவில்லை.

ஆனால் நான் அன்று என்ன செய்திருக்க முடியும்? "என்னையும் சோதியுங்கள்" என்று போய் நின்றால் அவருடைய படி திரும்பி வந்திருக்குமா? கடிதம் மேலிடத்து முடிவு. நான் எழுதாவிட்டால் வேறொருவர் எழுதியிருப்பார். இந்த வாதம் எல்லா அலுவலகங்களிலும் எல்லாக் குமாஸ்தாக்களும் சொல்வதுதான் என்று எனக்கும் தெரியும்.

2025இல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. குரூகரைச் சுற்றியுள்ள 11 காப்பகங்களின் 2017 முதல் 2023 வரையான கணக்கு. காவலர், நாய், கேமரா, ஹெலிகாப்டர் என்று கோடிக்கணக்கில் கொட்டிய பணத்தில் நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டார்கள். ஆனால் வேட்டை குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. கொம்பை அறுத்ததில் 78 சதவீதம் குறைந்தது. அதற்கு ஆன செலவு மொத்தத்தில் 1.2 சதவீதம். கணக்குப் பார்க்கிறவனுக்கு இதைவிட இனிப்பான எண் கிடையாது. எங்களிடமும் வேட்டை குறைந்தது. அவரை மாற்றிய அதே பருவத்தில்தான் பெரும்பாலானவற்றுக்குக் கொம்பு அறுத்தோம். "பார்த்தாயா, அவர் போனதும் நின்றுவிட்டது" என்கிறார்கள் சிலர். அறுத்ததால் நின்றது என்று நான் சொல்வேன். அவர்தான் காரணம் என்று நிரூபிக்க யாரிடமும் ஒன்றும் இல்லை. அவரில்லை என்று நிரூபிக்க என்னிடமும் ஒன்றும் இல்லை.

அவர் சில மாதம் வாசலில் நின்றுவிட்டு வேலையை விட்டுப் போனார். ராஜினாமாவில் காரணம் எழுதவில்லை.

அடுத்த பட்ஜெட்டில் அலுவலக ஊழியர்களையும் சோதனைப் பட்டியலில் சேர்த்துச் செலவு போட்டேன். என் பெயரையும்தான். பணம் போதாது, எதையாவது வெட்டு என்றார்கள். கொம்பு வளர்ந்துகொண்டே இருக்கும், ஒன்றரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை திரும்ப அறுத்தாக வேண்டும், அதில் கை வைக்க முடியாது. காவலர்களின் சோதனையையும் விட முடியாது என்றார்கள். மிச்சமிருந்தது நான் சேர்த்த வரிதான். சரி என்று அதையே அடித்துவிட்டேன்.