நெட்வொர்க் ஃபோல்டருக்கு அனுமதி அமைத்தல்: விண்டோஸ் சர்வரில் நாங்கள் செய்த முறை

கணக்கு, விற்பனை, பொது என்று மூன்று ஃபோல்டர்கள். ஒவ்வொன்றுக்கும் சிலர் எழுதலாம், சிலர் பார்க்க மட்டும் செய்யலாம், மற்றவர்கள் கண்ணிலேயே படக்கூடாது. டொமைனில் (அலுவலகக் கணினிகளையும் பயனர்களையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) உள்ள விண்டோஸ் சர்வரின் டி டிரைவில் இதை அமைத்தோம்.

ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் அனுமதி இரண்டு இடங்களில் இருக்கிறது: நெட்வொர்க்கில் பகிர்வதற்கான ஷேரிங் டேபில் ஒன்று, ஃபோல்டருக்கும் ஃபைலுக்குமே உரிய செக்யூரிட்டி டேபில் இன்னொன்று. நெட்வொர்க் வழியாக வருபவர் இரண்டையும் தாண்ட வேண்டும். எது குறைவோ அதுதான் அவருக்குக் கிடைக்கும். செக்யூரிட்டியில் எல்லாம் கொடுத்தும் சேவ் ஆகவில்லை என்றால் முதலில் ஷேரிங்கைப் பாருங்கள். அட்வான்ஸ்டு ஷேரிங்கில் புதிதாக ஷேர் செய்யும்போது எவ்ரிஒன்னுக்கு, அதாவது எல்லோருக்கும், ரீட் (படிப்பது) மட்டுமே இருக்கும். சர்வரிலேயே உட்கார்ந்து டி டிரைவைத் திறந்து சோதித்தால் இது பிடிபடாது. அங்கே ஷேர் அனுமதிக்கு வேலையே இல்லை.

ஷேரிங்கில் எவ்ரிஒன்னை நீக்கிவிட்டு, ஆதென்டிகேட்டட் யூசர்ஸுக்கு (கணக்கில் லாக் இன் செய்து வருபவர்கள்) சேஞ்ச் (படிக்க, எழுத, அழிக்க), அட்மினிஸ்ட்ரேட்டர்ஸுக்கு ஃபுல் கண்ட்ரோல் (அனுமதியை மாற்றுவதும் சேர்த்து எல்லாம்) கொடுத்தோம். எல்லோருக்கும் ஃபுல் கண்ட்ரோல் கொடுப்பவர்களும் உண்டு. நாங்கள் அதை ஏற்கவில்லை. ஒரு ஃபைலை உருவாக்கியவர்தான் அதன் ஓனர், ஓனர் தன் ஃபைலின் அனுமதியைத் தானே மாற்றிக்கொள்ளலாம். ஷேரில் சேஞ்ச் மட்டும் இருந்தால் நெட்வொர்க் வழியாக அது நடக்காது. ஆளுக்கு ஆள் வேறுபாடெல்லாம் செக்யூரிட்டி டேபில் மட்டும்.

டி டிரைவின் வேரிலிருந்து யூசர்ஸ் குழுவுக்குப் படிக்கும் அனுமதி தானாகவே இறங்கி வரும். அதை விட்டுவைத்தால் கணக்கு ஃபோல்டரை எல்லோரும் படிப்பார்கள். செக்யூரிட்டியில் அட்வான்ஸ்டு போய் டிசேபிள் இன்ஹெரிட்டன்ஸ் (மேலிருந்து அனுமதி இறங்குவதை நிறுத்துவது) அழுத்தினால் இரண்டு வழி கேட்கும். இருப்பதை அப்படியே நேரடி அனுமதியாக மாற்றும் கன்வெர்ட்டைத் தேர்ந்தெடுங்கள். ரிமூவ் கொடுத்தால் மேலிருந்து வந்த சிஸ்டம் (விண்டோஸே பயன்படுத்தும் கணக்கு), அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் அனுமதிகளும் சேர்ந்து போய்விடும். பேக்கப் நின்றுபோன பிறகுதான் தெரியவரும். கன்வெர்ட் செய்தபின் யூசர்ஸை மட்டும் நீக்கினால் போதும்.

தனி ஆள் பெயரில் அனுமதி கொடுக்கவே வேண்டாம். ஒவ்வொரு ஃபோல்டருக்கும் இரண்டு குழு: படிப்பவர், எழுதுபவர். ஆள் மாறினால் குழுவில் மாற்றினால் முடிந்தது. படிப்பவருக்கு ரீட் அண்ட் எக்ஸிக்யூட், எழுதுபவருக்கு மாடிஃபை (எழுதவும் அழிக்கவும்). அழிக்கக்கூடாது என்று நினைத்து ரைட் (எழுதுவது) மட்டும் கொடுத்தால் எக்செல் தகராறு செய்யும். அது சேவ் செய்யும்போது ஒரு தற்காலிக ஃபைலை எழுதி, பழையதை அகற்றி, புதியதற்குப் பழைய பெயரை வைக்கிறது. அழிக்கும் உரிமை இல்லாவிட்டால் சேவ் தோற்று, தற்காலிக ஃபைல்கள் குவியும். தவறி அழிந்ததை மீட்கப் பேக்கப்பையும் ஷேடோ காப்பியையும் (ஃபைல்களின் பழைய நிலையை விண்டோஸ் எடுத்து வைக்கும் வசதி) நம்புங்கள்.

செக்யூரிட்டியில் உள்ள டினை (மறுப்பு) பெட்டியைத் தொடாதீர்கள். ஒருவர் இரண்டு குழுவில் இருந்தால், ஒன்றின் டினை மற்றதன் அலோவை (அனுமதிப்பை) அடித்துவிடும். பட்டியலில் பெயர் இல்லாததே போதுமான தடை.

அதிகம் குழப்பியது ஃபைலை நகர்த்துவதுதான். கணக்கு ஃபோல்டரிலிருந்து பொதுவுக்கு ஒரு ஃபைலைக் காப்பி செய்தால் அது பொதுவின் அனுமதியை எடுத்துக்கொள்ளும். அதே டிரைவுக்குள் கட் செய்து ஒட்டினால் பழைய அனுமதியோடே வந்து உட்காரும்; பொதுவில் இருந்தும் மற்றவர்களுக்குத் திறக்காது. எதிர்த்திசை இன்னும் ஆபத்து: பொதுவிலிருந்து கணக்குக்கு நகர்த்திய ஃபைலில் பொதுவின் தளர்ந்த அனுமதி ஒட்டியிருக்கும். சரிசெய்ய, மேல் ஃபோல்டரின் அட்வான்ஸ்டில் கீழே உள்ள ரிப்ளேஸ் ஆல் என்று தொடங்கும் பெட்டியை டிக் செய்து ஓகே கொடுக்க வேண்டும். உள்ளே துணை ஃபோல்டருக்குத் தனியாக அனுமதி வைத்திருந்தால் அதுவும் அழியும். அதனால் ஐகேக்கிள்ஸ் (icacls, அனுமதிகளைப் பார்க்கவும் மாற்றவும் விண்டோஸில் உள்ள கட்டளை) கட்டளையின் சேவ் வசதியில் இப்போதைய அனுமதிகளை முதலில் ஒரு ஃபைலில் எழுதி வையுங்கள். துணை ஃபோல்டரில் தனி அனுமதி வைப்பதையே இயன்றவரை தவிர்ப்பது நல்லது.

அனுமதி இல்லாத ஃபோல்டர் கண்ணில் படாமலிருக்க, சர்வர் மேனேஜரில் அந்த ஷேரின் பிராப்பர்ட்டீஸில் ஆக்சஸ் பேஸ்டு எனுமரேஷனை (அனுமதி உள்ளதை மட்டும் பட்டியலில் காட்டும் வசதி) இயக்கினோம். மூன்று ஃபோல்டர்களும் ஒரே ஷேருக்குள் இருந்தால்தான் இது பயன்படும். ஷேர் பெயரின் கடைசியில் டாலர் குறி போடுவது பட்டியலில் காட்டாது, அவ்வளவே; பெயர் தெரிந்தவரைத் தடுக்காது.

குழுவில் ஆளைச் சேர்த்த உடனே அனுமதி வேலை செய்யாது. அவர் லாக் ஆஃப் செய்து மறுபடி நுழைந்தால்தான் புதிய குழு அவருடைய பயனர் கணக்கில் ஏறும். சோதிக்கும்போது ஒரே கணினியிலிருந்து ஒரே சர்வருக்கு இரண்டு பயனர் பெயரில் நுழைய முயன்றால் 1219 என்ற பிழை வரும். நெட் யூஸ் கட்டளையால் பழைய இணைப்பைத் துண்டித்துவிட்டு முயலுங்கள். ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவரின் கணினியில் நான்கையும் பார்த்தோம்: திறப்பது, புதிதாக உருவாக்குவது, திருத்திச் சேவ் செய்வது, பெயர் மாற்றுவது. எந்தக் குழுவிலும் இல்லாத ஒரு பயனர் கணக்கிலும் அதே சோதனையைச் செய்யுங்கள். தெரியாமல் திறந்து கிடக்கும் ஃபோல்டர் அதில்தான் அகப்படும்.